எங்கள் சபையின் ஒற்றைப் பாத்திரம்

என் அண்ணனும் தங்கையும் ஒரு வருஷத்துக்கு மேல் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். சொத்துத் தகராறு இல்லை. பிள்ளைகளின் கல்யாணத்தில் வந்த மனஸ்தாபமும் இல்லை. திருவிருந்தில் திராட்சரசத்தை எதில் ஊற்றிக் குடிப்பது என்பதில் வந்த சண்டை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் சபை ஒரு பழைய ரப்பர் தோட்டத்துச் சபை. தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் இருந்த லயங்களை இடித்து, ஆட்கள் வெளியே தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. தகரக் கூரை போட்ட ஆலயம் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோலா சிலாங்கூரிலிருந்தும் தஞ்சோங் காராங்கிலிருந்தும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து சேர்வோம். போதகர் கிள்ளானில் இருக்கிறார். வேறு சபைகளையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் எங்களிடம் வருவார். அன்றுதான் திருவிருந்து.

திருவிருந்து மேசையை ஆயத்தம் செய்வது என் பொறுப்பு. வெள்ளைத் துணி விரிப்பது, அப்பத்தைத் துண்டு போடுவது, பாத்திரத்தைத் துலக்குவது எல்லாம் நான்தான். மற்ற நாட்களில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கேண்டீன் நடத்துகிறேன். ஒருவர் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன். எடை போட்டதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. இரண்டுமாகச் சேர்ந்து எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்ததாகச் சொல்ல முடியாது.

எங்களிடம் இருந்தது வெள்ளி முலாம் பூசிய ஒரே பாத்திரம். போதகர் முதலில் குடிப்பார். அடுத்து சபை மூப்பரான என் அண்ணன். பிறகு ஆண்கள், அதற்குப் பிறகு பெண்கள். ஒவ்வொருவர் குடித்த பின்னும் போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்கு நீட்டுவார். தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஆள் நிற்கிற வரிசை இருந்தது போல இதற்கும் ஒரு வரிசை. யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

கோவிட் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஆலயத்தைப் பூட்டினோம். திரும்பத் திறந்தபோது ஒற்றைப் பாத்திரம் வேண்டாம், ஆளுக்கொரு சின்னக் குவளை என்று சொன்னார்கள். இருமல் மருந்து மூடியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குவளைகள். தட்டில் அடுக்கி வைத்தால் பார்ப்பதற்குப் பிள்ளைகள் சமைத்து விளையாடும் சாமான் மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடுக்கினேன்.

நோய் அடங்கி, முகக் கவசமெல்லாம் போன பிறகு, பழைய பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அண்ணன் கேட்டார். இளைஞர்கள் மாட்டோம் என்றார்கள். சுத்தம் முக்கியம் என்றார்கள். பெரியவர்கள் இயேசு எத்தனை பாத்திரத்தை எடுத்தார் என்று கேட்டார்கள். வசனம் இரண்டு பக்கமும் இருந்தது. வசனம் இல்லாமல் எங்கள் ஆட்கள் சண்டைக்கு வருவதே இல்லை.

இதில் என் தங்கை எப்படி மாட்டினாள் என்று சொல்ல வேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், சில வருஷம் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு கிடந்தாள். பிறகு அவள் கணவர் தன்னுடைய ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். அது உடம்பில் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் ஆயுசுக்கும் மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். நமக்கு இரண்டு நாள் சளி என்றால் அவளுக்கு அது ஆஸ்பத்திரிப் படுக்கை. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்காதே என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஆராதனை முடிந்து கோப்பியும் கறிபாப் பலகாரமும் வைத்துக்கொண்டு கமிட்டி கூடியது. தங்கை தன் நிலைமையை மெதுவாகத்தான் சொன்னாள். அதற்குள் இளைஞர்களோடு வாதாடிச் சூடேறிப்போயிருந்த அண்ணன் திரும்பி, "பயம் இருக்கிறவங்க வீட்டுலயே இருந்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

தங்கை கோப்பியைக் கீழே வைத்தாள். கைப்பையை எடுத்தாள். கணவரைக் கண்ணால் கூப்பிட்டாள். கார் மண் ரோட்டில் திரும்புகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் சின்ன வயசுக்காரர், நல்லவர். "இதுக்கு மோட்சமும் இல்ல, நரகமும் இல்ல. சின்ன விஷயம். சமாதானமா போங்க" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது சரிதான். இந்தப் பாத்திரத்தால் யாருக்கும் இரட்சிப்பு போய்விடாது. ஆனால் ஒரு காரியத்தைச் சின்னது என்று சொல்வது அது வலிக்காதவர்களுக்குத்தான் சுலபம்.

கமிட்டியில் கை தூக்கிச் சின்னக் குவளைதான் என்று முடிவானது. அதற்குப் பிறகு அண்ணன் திருவிருந்தில் சேரவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு வருவார், பாட்டுப் பாடுவார், பிரசங்கம் கேட்பார். நான் மேசைத் துணியை விலக்கும்போது எழுந்து வெளியே போய்ச் செம்பனை நிழலில் நின்றுகொள்வார். மூப்பர் வெளியே நிற்க, உள்ளே நாங்கள் அப்பத்தை வாங்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்ப்போம். அவருக்குப் பயந்தே சில பேர் குவளையை எடுக்காமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். தங்கையோ ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்காக வைத்த குவளை இருந்தது, அவள் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கோலா சிலாங்கூரில் அண்ணன் வீட்டில் சாப்பிடுவது எங்கள் குடும்ப வழக்கம். அந்த வருஷம் தங்கை வரவில்லை. அண்ணி ஆட்டுக்கறியைத் தப்பாவ் பொட்டலமாகக் கட்டி என் கையில் கொடுத்தார். நான் தஞ்சோங் காராங்குக்கு எடுத்துப் போனேன். தங்கை தான் செய்த பலகாரத்தை டின்னில் போட்டுக் கொடுத்தாள். அதை அண்ணன் வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்தேன். "அவ மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாளா?" என்று அண்ணன் கேட்டார். அங்கே அவள், "அண்ணனுக்குப் பிரஷர் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கூரியர்க்காரி. பெட்ரோல் காசுகூடக் கிடையாது.

பிறகு ஒரு நாள் தங்கை சொன்னாள். "அக்கா, ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்னு இருந்தோம். அதுக்கு மேல கிள்ளான் சபைக்கே போயிடறோம். அங்க யாரும் என்னைய ஒன்னும் சொல்லமாட்டாங்க."

கிள்ளான் ஒன்றும் சீமை இல்லை. ஆனால் சபை மாறுகிறவர்கள் மெல்ல மெல்ல வீடும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஞாயிற்றுக்கிழமை போகும், பிறகு கிறிஸ்துமஸ் போகும், கடைசியில் சாவுக்கு வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு தங்கை எனக்கு வேண்டாம்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். மோட்டாருக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"ஒரு டம்ளருக்காக ஒங்க தங்கச்சிய வித்துட்டீங்களா அண்ணே? பாத்திரத்தயே கட்டிக்கிட்டு அழுங்க. நாளைக்கு அதுவா வந்து ஒங்களத் தூக்கப்போவுது?"

வழக்கமாக நான் கத்தினால் அவரும் கத்துவார். அன்று கத்தவில்லை. கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"ஒனக்குத் தெரியாது. நீ அப்ப பொறக்கல" என்று ஆரம்பித்தார்.

எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். அவர் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் ஒரு கோப்பிக் கடை இருந்ததாம். எங்கள் சாதிக்காரர்களுக்கு அங்கே தனி டம்ளர். பலகை இடுக்கில் செருகி வைத்திருப்பார்களாம். அம்மா ரப்பர் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, தானே அதை உருவி, கழுவி, நீட்டினால் கடைக்காரர் மேலே இருந்து கோப்பியை ஊற்றுவாராம். குடித்து முடித்துத் திரும்பக் கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது அந்தக் கடையே இல்லை. அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஆலயத்துலயும் கேட்டாங்க, தெரியுமா? நம்ம கூடவே பாட்டுப் பாடறவங்க, நம்ம கூடவே செபம் பண்றவங்க. எங்களுக்கு வேற பாத்திரம் வைங்கன்னு கேட்டாங்க. அப்ப இருந்த போதகரு ஐயரு முடியாதுன்னுட்டாரு. ஒரே பாத்திரந்தான், குடிக்கிறவங்க குடிங்கன்னுட்டாரு. அம்மா குடிச்சாங்க. அவங்களுக்குப் பின்னால நின்ன பொம்பள வரிசய விட்டு வெலகிப் போயிட்டாங்க. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கும் பின்னால நின்னவங்க முன்னுக்கு வந்து, நம்ம அம்மா வாய் வச்ச எடத்துலயே வாய் வச்சிக் குடிச்சாங்க."

நான் அப்போதுதான் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

"அந்த ஒருத்தவங்களுக்காகத்தான் அம்மா சாவற வரைக்கும் இந்தச் சபைய விடல. புள்ளைங்ககிட்ட சொல்லாதடான்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க, தலைகுனிவா இருக்குன்னு. ஆளுக்கொரு டம்ளர்னு நீ அடுக்கி வைக்கிறியே, எனக்கு அந்தக் கடதான் கண்ணு முன்னால வருது. நான் என்னா செய்ய?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. செயினைத் திரும்ப மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் கேண்டீனை மூடியதும் தங்கையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் டம்ளர் கதையைக் கேட்டதும் அவள் சமையல்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "அண்ணன் இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு, "சொல்லியிருந்தாலும் நான் எப்படிக்கா குடிப்பேன்? குடிச்சிட்டு ஆஸ்பத்திரியில படுத்தா, இவரு குடுத்த கிட்னி போச்சே" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. உண்மை தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எங்களுக்கு உண்மை தெரிந்தது, காரியம் இன்னும் மோசமாகிவிட்டது. முன்பு இரண்டு பிடிவாதக்காரர்கள் மேல் கோபப்பட்டேன், அது சௌகரியமாக இருந்தது. இப்போது கோபப்பட ஆள் இல்லை. அவர் வேண்டுவதும் நியாயம், அவள் பயப்படுவதும் நியாயம். நியாயங்கள் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை.

தங்கை தேநீர் கலக்கிக்கொண்டே தனக்குள் பேசுவது போலச் சொன்னாள். "வீட்டுலயே இரு, வீட்டுலயே இருன்னு டாக்டர் சொல்லி, என் வீட்டுக்காரரும் சொல்லி, எத்தன வருஷம் இருந்துட்டேன். ஆலயத்துக்குப் போறதுதான் எனக்கு வெளிய போறது. அண்ணனும் அதையே சொன்னாரே, அதான் தாங்க முடியல." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் அந்தப் பாத்திரம்னா ஆசதான். ஆனா பாஸ்டரு குடிச்சி, மூப்பரு குடிச்சி, ஆம்பளைங்க எல்லாரும் குடிச்சி, என்கிட்ட வர்றதுக்குள்ள அதுல எத்தன பேரோட எச்சி இருக்கும்!" என்றாள்.

நான் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அப்ப நீ மொதல்ல குடி" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நானும் என்னையே ஒரு மாதிரிதான் பார்த்துக்கொண்டேன். ஒரு வருஷமாக ஊரே கூடிப் பாத்திரம் ஒன்றா பலவா என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். முதலில் யார் குடிப்பது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பள்ளியில் உடம்புக்கு முடியாத பிள்ளை வந்தால் வரிசையைப் பார்க்காமல் முதலில் சாதம் போட்டு அனுப்புகிறவள் நான். ஆலயத்தில் அந்த வரிசை எங்கள் கண்ணுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

"பாஸ்டருக்கு முன்னாலயா? மூப்பருக்கு முன்னாலயா? ஒரு பொம்பள?" என்றாள் தங்கை. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அண்ணன் விடமாட்டாருக்கா."

போதகருக்கு ஃபோன் போட்டேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நான் கடைசியா குடிச்சாலும் சரிதாம்மா" என்றார். அவர் மேல் இருந்த பழைய கோபம் எனக்கு அன்றோடு போய்விட்டது. ஆனால் ஒன்று சொன்னார். குவளை வேண்டுகிறவர்களுக்குக் குவளையும் இருக்க வேண்டும், அவர்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. நியாயம்தான்.

அண்ணனிடம் சொன்னபோது நான் நினைத்தது போலவே ஆனது. "ஐயருக்கு முன்னால யாரும் குடிச்சதில்ல. அது மொற இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த முறை நான் சத்தம் போடவில்லை. "மொறயப் பாத்திருந்தா அம்மாவுக்குப் பின்னால யாரும் குடிச்சிருக்க மாட்டாங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் நம்பிச் சொன்னதை எடுத்து அவரையே அடித்த மாதிரி இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் நான் தங்கை வீட்டில் இருந்தபோது வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. அண்ணன். நெல் விளையும் செகிஞ்சான் பக்கம் போய் அரிசி மூட்டை ஒன்று வாங்கி முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வரவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார். தங்கையும் வாசல்படியைத் தாண்டவில்லை.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, பாப்பா" என்றார்.

அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் அவருக்கு அவள் எப்போதும் பாப்பாதான். அவள் தலையை ஆட்டினாள்.

"ஞாயித்துக்கெழம நீ வந்து மொதல்ல குடி. நான் ஒன்னும் சொல்லமாட்டேன்" என்றார். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். போகட்டும் என்று விட்டோம். அவர் வந்ததே பெரிசு.

அந்த வருஷம் ஈஸ்டர் மாதத்தின் முதல் ஞாயிறாகவே வந்தது. காலையில் வெள்ளி முலாம் பாத்திரத்தை நன்றாகத் துலக்கி, சுடுதண்ணீரில் அலசி வைத்தேன். பக்கத்தில் தட்டில் சின்னக் குவளைகளையும் அடுக்கினேன். ஒரே திராட்சரசத்தைத்தான் இரண்டிலும் ஊற்றினேன். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், ஒருவரை ஒருவர் குறை பேசக் கூடாது என்று போதகர் சொன்னார். சொல்லிவிட்டு, தான் குடிக்காமல் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்தார்.

தங்கை எழுந்து போனாள். கூரைக்கு மேலே பறவை நடக்கிறது கேட்டது. அவள் இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கினாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அடுத்து போதகர் குடித்தார். அடுத்து அண்ணனின் முறை.

ஒரு வருஷம் கழித்து அண்ணன் அந்த மேசைக்கு வருகிறார். எல்லாருக்கும் தெரியும் அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று. போதகர் பாத்திரத்தை நீட்டினார். அண்ணன் கையை நீட்டவில்லை. திரும்பி ஆட்களைப் பார்த்தார். இரண்டு பக்கத்திலும் ஏழெட்டுப் பேர், குவளை எடுக்கலாமா, எடுத்தால் மூப்பர் என்ன நினைப்பாரோ என்று கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகள் உண்டு, கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் உண்டு, சும்மா பயந்தவர்களும் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டின் பக்கம் நகர்ந்து, ஒரு சின்னக் குவளையை எடுத்தார்.

அவர் விரலுக்குள் அது தெரியவே இல்லை. எல்லாரும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்துக் குடித்தார். கசப்பு மருந்து குடிக்கிற முகம். குவளையைத் தட்டில் வைக்கும்போது அது சாய்ந்து உருண்டது. நான் எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

அதற்குப் பிறகு கூசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். சிலர் பாத்திரத்தில் குடித்தார்கள், சிலர் குவளையில். மூப்பர் எதற்காக மனசு மாறினார் என்று பிற்பாடு பல பேர் பல விதமாகப் பேசினார்கள். அவர் எந்த டம்ளரில் குடித்தார் என்று அங்கே தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் தங்கையும்.

அண்ணன் ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். எங்கள் ஆலயத்தில் நடுவழிக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தங்கை எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவழியைத் தாண்டிப் போய், அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டு ஆரம்பித்துவிட்டது, மேசையை எடுத்து வைக்க வேண்டியவள் நான். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.